நாய் குறுக்கே வந்ததாகச் சொன்னார்

போன திங்கட்கிழமை ஒரு வக்கீல் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வழக்கு எதுவும் இல்லை — பயப்படாதீர்கள். பக்கத்துத் தெரு சேவியருக்கும் அவர் மனைவி ஜெனிட்டாவுக்கும் துணையாகப் போயிருந்தேன். பத்திரிகையில் எழுதுகிறவனுக்குச் சட்டமும் தெரிந்திருக்கும் என்று எங்கள் தூத்துக்குடியில் ஒரு நம்பிக்கை. எவ்வளவு மறுத்தாலும் விடமாட்டார்கள்.

சேவியருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் ஆடாமல் இருக்க, மேலே ஏறி இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவது. வேலை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது அவருடைய வலது முழங்கால் மடங்காது. ஏணியில் ஏற முடியாத ஆளை வைத்துக்கொண்டு கான்ட்ராக்டர் என்ன செய்வார்? "கால் சரியானதும் வாங்க" என்றாராம். இதற்கு மேல் சரியாகாது என்று டாக்டர் ஏற்கெனவே கைவிரித்துவிட்டார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். நஷ்டஈடு ஏதாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் வக்கீலிடம் வந்திருந்தோம்.

நடந்தது இதுதான். சில மாதங்களுக்கு முன் ஒருநாள், வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தார். உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றி வந்த மினி லாரி ஒன்று, இண்டிகேட்டர் போடாமல் சட்டென்று திரும்பியது. லாரியில் மோதிய வேகத்தில் சேவியர் ரோட்டில் கிடந்தார். பைக் அவர் கால் மேல் கிடந்தது.

லாரி டிரைவர் மிக்கேல் ஓடிப்போகவில்லை. ஓடியிருந்தால்கூட இன்று நிலைமை தேவலையாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது... நல்ல மனிதர். சேவியரைத் தூக்கித் தன் லாரியிலேயே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அழுகை.

"தம்பி, எம் மவளுக்கு வார ஞாயித்துக்கிழம ரெண்டாவது ஓலை. கேசு கீசுன்னு ஆனா நான் உள்ள போயிருவேன். கல்யாணம் நின்னுரும் தம்பி."

ஓலை என்றால் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் சர்ச்சில் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மணமக்கள் பெயரை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். ஓலை வாசித்த பிறகு கல்யாணம் நின்றால், அந்தக் குடும்பம் ஊரில் தலைகாட்ட முடியாது.

எலும்பு நொறுங்கிய காலோடு சேவியர் நினைத்தது ஒன்றைத்தான். முகம் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குத் தான் தடையாகிவிடக் கூடாது.

எப்படி அடிபட்டது என்று டியூட்டி டாக்டர் கேட்டார்.

"நாய் குறுக்க வந்துட்டு சார். நானாத்தான் விழுந்தேன்."

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். போலீஸ் இல்லை, புகார் இல்லை. நம் ஊரில் விபத்து நடந்த இடத்துக்கு ஆம்புலன்சுக்கு முன்னால் சமாதானம் வந்துவிடும். வலி மரத்திருக்கும் நேரம் பார்த்துப் பேசி முடித்துவிடுவோம். வலி திரும்பி வரும்போது யார் பேச வருகிறார்கள்?

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நஷ்டஈடு டிரைவர் பாக்கெட்ல இருந்து வரும்னு நினைச்சீங்களா? லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கு. கம்பெனிதான் குடுக்கும். கேஸ் போட்டிருந்தாலும் ஸ்டேஷன் ஜாமீன்லயே அவர் வீட்டுக்குப் போயிருப்பார். கல்யாணமும் நடந்திருக்கும்."

சேவியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத யாரும் சொல்லலியே மேடம்" என்றார். யாருக்காக அந்தப் பொய்? காலே போய்விட்ட பிறகு, அது தேவையே இல்லாத பொய் என்று தெரிய வருவது எவ்வளவு கொடுமை!

வக்கீலம்மா ஒரு வழி சொன்னார். மிக்கேலே வந்து உண்மையை ஒப்புக்கொண்டால், தாமதமானாலும் புகார் கொடுத்துப் பார்க்கலாம். போன் செய்தோம். போட்டது போட்டபடி ஓடி வந்தார் மனிதர்.

"எங்கன வேணும்னாலும் வந்து சொல்லுதேன்மா. தப்பு எம்பேர்லதான்."

அப்பாடா என்று இருந்தது. ஜெனிட்டா முகத்தில்கூடக் கொஞ்சம் தெளிவு.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"சொந்தம் இல்லம்மா. அதுக்கும் மேல. எம் மவ கல்யாணத்துல இவியளத்தான் சாட்சிக் கையெழுத்துப் போட வச்சோம்." பெருமையோடு செல்போனை நீட்டினார். மணமக்களுக்குப் பக்கத்தில், கக்கத்தில் ஊன்றுகோலோடு, சேவியர் சிரித்துக்கொண்டு நின்றார்.

வக்கீலம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கம்பெனி வக்கீல் இதைத்தான் முதல்ல கேப்பார். இவ்வளவு வேண்டப்பட்டவங்க, ரெண்டு பேரும் சேர்ந்து ஜோடிச்ச கேஸ்னு சொல்லுவார். போட்டுப் பாக்கலாம். ஆனா வேற சாட்சி வேணும். யாராவது பார்த்தவங்க..."

பார்த்தவர்கள் யார்? அந்த ரோட்டில் உப்பளத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? மிக்கேல் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வாசகர்களே, பைக்கில் போகிற எல்லோருக்கும் சொல்கிறேன். அடிபட்டுக் கிடந்தாலும் டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். போலீசில் புகார் கொடுங்கள். வண்டி நம்பரை, பார்த்தவர்களின் பெயரைக் கேட்டு வையுங்கள். இடித்தவர் நல்லவராக இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம். சேவியர் காலை நீட்ட இடமில்லாமல் குறுக்காக உட்கார்ந்திருந்தார். வீடு நெருங்கும்போது ஜெனிட்டா என் பக்கம் திரும்பினார்.

"இவிய பொய் சொன்ன அன்னைக்கு ஒருத்தரும் சாட்சி கேக்கல அண்ணாச்சி. நெசத்தச் சொல்ல வந்தா மட்டும் ஏன் கேக்காவ?"