சுயேச்சை வேட்பாளரின் மகள்

டாலஸிலிருந்து ஆஸ்டின் போகும் வழியில் ரவுண்ட் ராக் நூலகத்தில் காரை நிறுத்துகிறேன். உள்ளே அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் வாக்குப்பதிவு. பார்க்கிங் ஓரத்தில், இரண்டு பெரிய கட்சிகளையும் சேராத ஒரு வேட்பாளரின் பலகையைப் பிடித்தபடி ஒரு தமிழ் அம்மா தனியாக நிற்கிறார்.

“இவர் ஜெயிப்பாரா ஆன்ட்டி?”

“சான்ஸே இல்ல தம்பி. எங்கப்பாவும் விருதுநகர்ல சுயேச்சையா நின்னாரு, சீப்பு சின்னம். டெபாசிட் போச்சு. ஆனா ஆட்டோல மைக் புடிச்சு அவருக்கு ஓட்டு கேட்டேன் பாரு, அந்த சந்தோஷம் அப்புறம் வரவே இல்ல.”

அப்படிப்பட்ட ஆட்டோக்களின் பின்னால் நோட்டீஸுக்காக நான் ஓடிய தெரு ஞாபகம் வருகிறது.

வாக்களித்துவிட்டு அவர் கணவர் வெளியே வருகிறார்.

“உன் ஆளுக்கு நான் போடலை. கை வலிக்கும், குடு. நீ போய் வோட் பண்ணிட்டு வா” என்று பலகையை வாங்கி, தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்கிறார்.