லேப்ரடாருக்குப் பொருத்தம் பார்த்தது

எங்கள் சிங்காநல்லூர் வீட்டில் ஒரு மஞ்சள் லேப்ரடார் இருந்தது. அம்மா தேங்காய் துருவ உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து அவர் முழங்காலில் மோவாயை வைத்துக்கொள்ளும். அது ஒரு தடவையாவது குட்டி போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. "இது போனாலும் இதோட வமிசம் ஒண்ணு ஊட்டுல இருக்கோணும் கண்ணு" என்பார். அன்னூரில் பெரியப்பாவிடம் ஆண் லேப்ரடார் இருந்ததால் மாப்பிள்ளைக்கு அலையவில்லை.

இடைஞ்சல் நான்தான். அப்போது நாய்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். பெரியப்பா தோட்டத்தில் இன்னொரு நாயும் உண்டு; அந்த ஆண் நாயின் கூடப் பிறந்தது. அதற்கு முன்னங்கால்கள் குட்டையாக வளைந்திருந்தன. தாயும் தகப்பனும் ஒழுங்காக இருந்தும் குட்டிக்கு அந்த எலும்புக் குறை வந்ததென்றால், இரண்டிடமும் அது மறைந்திருந்தது என்று பொருள். ஆண் நாயிடமும் எங்கள் நாயிடமும் அப்படி இருந்துவிட்டால், பிறக்கும் குட்டிகளில் சில குட்டைக் காலோடுதான் நடக்கும்.

"சாதகம் பாத்துப்போட்டே முடிச்சுக்கலாம்" என்று பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயை ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன்: சோறு வைக்கக் கூடாது, தண்ணீர்த் தட்டு தனித்தனி, ஒன்றையொன்று நக்காமல் கட்டிவைக்க வேண்டும். வாயில் மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளோடு வெளியே வந்தால், இரண்டும் ஒரே தட்டில் தயிர்சோறு தின்றுகொண்டிருந்தன.

"ஏனுங்கம்மா, சொன்னனில்லீங்க?"

"அன்னூர்ல இருந்து வந்திருக்கற வாயில்லாச் சீவன். வெறும் வாயில குச்சிய உடச் சொல்றயா?"

பெரியப்பா சிரித்தார். "நிச்சயத்துக்கு முன்னாலயே ஒரே தட்டுல சாப்பாடு. இனி நீ என்னத்தக் கண்ணு பாக்கறது?"

ஒன்றின் எச்சில் மற்றதன் வாயில் இருந்தால் மாதிரி எதனுடையது என்றே சொல்ல முடியாது. இரண்டின் வாயையும் கழுவி, தள்ளித் தள்ளிக் கட்டி, மதியத்துக்கு மேல்தான் கன்னத்தின் உட்புறம் தேய்த்து எடுத்தேன்.

முடிவு வந்தது: இரண்டிலும் குறை மறைந்திருந்தது. பெரியப்பாவிடம் ஃபோனில் சொன்னேன்.

"அந்தக் குட்டைக்காலன் கெணத்து மேட்டுல ஏற முடியாம நின்னு பாக்கறது எனக்குத்தான் தெரியும். வேண்டாஞ் சாமி, உட்டுரு."

குறை இல்லாத ஆண் நாயோடு சேர்த்தால் பயமில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். தாராபுரம் வரை விசாரித்தோம். யாரும் சோதித்திருக்கவில்லை; சோதிக்கலாமா என்று கேட்டால், தங்கள் நாயைப் பழிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் எங்கள் நாய்க்கு வயது ஏறிவிட்டது. போன மழைக்காலத்தில் போய்விட்டது.

இப்போதும் குளக்கரையில் நடக்கும்போது மஞ்சள் லேப்ரடார் ஏதாவது எதிரே வந்தால் அம்மா நின்றுவிடுவார்.

"மூஞ்சி நம்முளுதாட்டவே இருக்குதில்ல?"

எங்களுடையதற்கு வாரிசு இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"ஆமாங்கம்மா" என்பேன்.