விளங்கிப்போன படம்

பிரெஞ்சு விளங்காவிட்டாலும் மற்றவர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்துவிட வேண்டும். பாரிஸ் லா சப்பலில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே இதைப் பழகிக்கொண்டேன். எங்கள் ரெஸ்ரோரண்டின் தலைமைச் சமையல்காரன் என்னைக் காட்டி ஏதாவது சொல்வான். குசினியே சிரிக்கும். நானும் பல்லைக் காட்டுவேன். கோப்பை கழுவுகிறவன் முகத்தை நீட்டினால் வேலை நிலைக்காது என்று எனக்கு முன்பு அங்கே நின்ற அண்ணை சொல்லியிருந்தார்.

வீட்டில் "குசினி வேலை" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். நான் சமைக்கிறேன் என்று மகள் நினைத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை.

அவள் படிக்கிற லிசே பள்ளிக்கூடக்காரர் ஒரு பின்னேரம் பாரிஸில் ஊமைப்படம் காட்டினார்கள். பெற்றோரும் போகலாம்.

"வாங்கோ அப்பா. இதிலை ஒருத்தரும் கதைக்கமாட்டினம். உங்களுக்கும் விளங்கும்."

விளங்கியது. பெரிய நகரம். உயரத் தொப்பி வைத்த பணக்காரர் சாப்பிடும் இடம். பின்னால் குசினியில் ஒருவன் கோப்பை கழுவுகிறான். கழுவியதைத் தலைக்கு மேலாக அடுக்கித் தூக்கிக்கொண்டு வர, சமையல்காரன் பின்னால் உதைக்கிறான். எல்லாம் நொறுங்குகிறது. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மகள் என் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தாள். என் வாயும் தன்பாட்டில் சிரித்துவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு ஆசிரியர் விளக்கம் சொன்னார். மகள் காதுக்குள் தமிழாக்கினாள்.

"அந்தக் காலத்திலை ஏழையளை இப்பிடித்தான் நடத்தினவையாம். அந்த ஏழையளும் வந்து பாத்துச் சிரிச்சவையாம்."

அந்தக் காலமாம்! அன்று மத்தியானம் சமையல்காரன் ஈரத் துணியால் என் கழுத்தில் அடித்த இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

வீடு இருக்கும் செவ்ரானுக்குத் திரும்பும் ரயிலில் கேட்டேன்.

"அவன் விழேக்கை ஏன் சிரிச்சனீ?"

"பகிடிதானே அப்பா."

"நானும் அந்த வேலைதான் செய்யிறன். சமையல் இல்லை."

பிரெஞ்சில் ஏதோ தொடங்கி நிறுத்தினாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"உங்களுக்கும் உதைக்கிறவையோ?"

"துணியாலை அடிப்பான்."

"அப்ப நீங்கள் என்ன செய்வியள்?"

"சிரிப்பன்."

அவள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் சமையல்காரன் வழக்கம்போல என்னைக் காட்டி ஏதோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"விளங்கவில்லையா?" என்று கேட்டான். அந்த அளவு பிரெஞ்சு எனக்குத் தெரியும்.

"விளங்கியது" என்றேன்.

துணியை ஓங்கினான். நான் கழுத்தை இழுக்காமல் அவன் கையையே பார்த்தேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்புக்குத் திரும்பிவிட்டான்.

எனக்குக் கோபம் கூடத்தான் செய்தது. இவ்வளவுதானா? ஒன்பது வருடம் நான் சிரித்தது இவ்வளவுக்குத்தானா?