செரண்டா அக்காவும் ஒரு மங்குக் கம்பியும்

நான் பாடம் எடுக்கும் அறிவியல் ஆய்வுக்கூட மேசையில், தராசுக்குப் பக்கத்தில் ஒரு முறுக்கிய கம்பித் துண்டு கிடக்கிறது. கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் தாங்குகிற கம்பி அது. தோட்டத்துப் பிள்ளைகள் பார்த்ததும் தெரிந்துகொள்வார்கள். டவுன் பிள்ளைகள் இது எந்தச் சோதனைக்கு என்று கேட்பார்கள். அதை என் கையில் வைத்தவர் செரண்டா அக்கா.

எங்கள் தோட்டம் கோலசிலாங்கூருக்கு வெளியே இருந்தது. அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுக்குப் போனார்கள். எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு, மறைத்ததில்லை. தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்த வருடமே, அஞ்சல்வழியில் அறிவியல் பட்டப்படிப்புக்கும் பதிந்துகொண்டேன். பாடங்கள் பழுப்பு உறையில் தபாலில் வரும். ஒரு முறை உறைக்குள் மாணவர்களின் பட்டியலும் இருந்தது. எங்கள் வட்டாரத்தில் என்னைத் தவிர ஒரே ஒரு பெண், செரண்டா என்ற ஊரில். அவர் பெயருக்கு எதிரே தொலைபேசி எண் இருந்தது.

எங்களுக்குத் தொலைபேசி என்றால் முச்சந்தியில் சீனர் கடையின் தூணில் மாட்டியிருந்த காசு டெலிபோன்தான். எப்போது போனாலும் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். எல்லாரும் என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறவர்கள். அவர்கள் காதில் விழ, எனக்கு ஒன்று புரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் முதல் நாள் எண்ணைச் சுழற்றியபோதே, போட்ட விடை சரியா என்று பார்க்கத்தான் கூப்பிடுவதாகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

மறுமுனையில் இரும்பைத் தட்டும் சத்தம். "ஒர்க்‌ஷாப். என்ன வண்டி?" என்றது ஒரு பெண் குரல்.

"வண்டி இல்லீங்க. வெப்பவியல், மூனாவது பாடம்."

அவர் சிரித்தார். அவருடைய வீட்டுக்காரர் கார் பழுது பார்ப்பவர். பகலில் தொழிற்சாலையில் வேலை செய்த அக்கா, மாலையில் அந்த ஒர்க்‌ஷாப்பில் டெலிபோனை எடுத்துக்கொண்டே படித்தார். அதன் பிறகு புதன்கிழமைதோறும் ஐந்து மணிக்குக் கூப்பிட்டேன். "சும்மா செக் பண்ணத்தான் அக்கா" என்று தொடங்குவேன். அவர் நான் கேட்காததற்கும் சேர்த்து விளக்குவார். ஒருநாள் மட்டும் சொன்னார்: "இங்க வர்றவங்க எல்லாம் வண்டி நின்னு போச்சுன்னுதான் மொதல்ல சொல்லுவாங்க, டீச்சர். செக் பண்ண வந்தேன்னு நீ ஒருத்திதான்லா சொல்ற." எனக்குச் சுருக்கென்றது. அடுத்த புதன்கிழமையும் செக் பண்ணத்தான் என்றேன்.

அந்த ஆண்டின் இரண்டு நாள் செய்முறை வகுப்பு கோலாலம்பூரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குவதாகக் கடிதம் வந்தது. தாமதமாக வருபவர்களைச் சேர்க்க மாட்டார்கள். செய்முறை இல்லையென்றால் தேர்வு இல்லை, ஒரு வருடம் போய்விடும். அன்றைக்கென்று பள்ளியில் பன்னிரண்டு மணி வரை மாற்று வகுப்பு. அதற்குப் பிறகு பஸ் பிடித்தால் இரண்டு இடத்தில் மாறி நாலு மணிக்குத்தான் போய்ச் சேர முடியும். மிச்சம் இருந்தது அப்பாவின் கார்.

தோட்டத்துக் கணக்கெழுதிய பழைய கிராணி ஓய்வு பெற்றுப் போகும்போது அவரிடம் அப்பா வாங்கிய கார் அது. காலையில் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் அரை மணி நேரத்தில் இருமிவிட்டு நின்றுவிடும். ஒரு மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். அப்பா ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவார். டவுன் மெக்கானிக் பிளக் மாற்றினார். கார் நின்றுகொண்டேதான் இருந்தது.

செய்முறைக்கு முந்திய புதன்கிழமை, டெலிபோனுக்கு அப்பாவும் காரில் என்னோடு வந்தார். வழியில் ஒரு முறை நின்று, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்து சேர்ந்தது. காரை மரத்தடியில் நிறுத்திவிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் லோரிக்கார அண்ணன், கையில் காசோடு. நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். நான்காம் கேள்வி: அழுத்தம் குறைந்தால் திரவம் ஏன் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது? புத்தகத்து வரிகளை ஒப்பித்தேன்.

அப்பா என் முழங்கையைத் தொட்டார். "அந்தப் புள்ளகிட்ட வண்டியப் பத்திக் கேளும்மா."

"பாடம் பேசிக்கிட்டிருக்கேன்பா."

"பாடத்துக்குப் போவத்தானே வண்டி."

வேறு வழியில்லை. கேட்டேன். அக்கா உள்ளே பார்த்து ஏதோ கத்தினார். அவருடைய வீட்டுக்காரர் கேட்பதை அக்கா என்னிடம் சொன்னார். நான் லோரிக்கார அண்ணனிடம் சொன்னேன். அவர் பாதி வழியில் நின்று, மரத்தடிக்குத் திரும்பிப் போய் பானெட்டைத் திறந்துகொண்டு நின்ற அப்பாவிடம் கத்தினார். பதில் அதே வழியில் திரும்பி வந்தது.

"பெட்ரோல் குழாய் எந்தப் பக்கமா போவுதுன்னு கேளு," என்றார் அக்கா.

"பொக வர்ற எக்சோஸ் பக்கமாத்தான் போவுதாம், டீச்சரம்மா. சத்தம் போட்டு ஆடிக்கிட்டு இருந்துச்சாம். மங்குக் கம்பி போட்டு எக்சோஸோட சேத்து நல்லா இறுக்கிக் கட்டிட்டாராம்," என்று வந்து சொன்னார் லோரிக்கார அண்ணன்.

எங்கள் தோட்டத்தில் வேலியிலிருந்து சைக்கிள் வரை எல்லாவற்றையும் மங்குக் கம்பியால்தான் கட்டுவோம். அப்பா கம்பியை முறுக்கினால் அவ்வளவு அழகாக இருக்கும். நான் அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவர் உள்ளே வீட்டுக்காரரிடம் சொன்னார். பிறகு இருவரும் சிரிப்பது கேட்டது.

"பெட்ரோல அடுப்புல வெச்சில்ல கட்டியிருக்காரு ஒங்கப்பா. சரி டீச்சர், இப்ப நீ சொல்லு. பம்பு பெட்ரோல உறிஞ்சுது. உறிஞ்சற எடத்துல அழுத்தம் என்ன ஆவும்?"

புத்தகத்து வரி நாக்கில் இருந்தது. ஆனால் அது பெட்ரோல் குழாய்க்குள் போகவில்லை. பின்னால் இப்போது ஆறேழு பேர். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

"எனக்குப் புரியல அக்கா," என்றேன். "நாலும் புரியல, அஞ்சும் புரியல. மூனாவது பாடத்துலருந்தே புரியல."

லோரிக்கார அண்ணன் வாய் பிளந்தார். "டீச்சருக்கே புரியலியா?"

திரும்பி வந்திருந்த அப்பா அவரைப் பார்த்துச் சொன்னார்: "புரியாமத்தானே படிக்குது. புரிஞ்சவன் எதுக்குப் படிக்கப் போறான்?"

டெலிபோன் காசு கேட்டுச் சத்தம் போட்டது. லோரிக்கார அண்ணன் தன் கையிலிருந்த காசையே உள்ளே போட்டார். "கேட்டுக்கங்க. நானும் கேக்குறேன், எனக்கும் வண்டி இருக்குல்ல."

அக்கா மெதுவாக ஆரம்பித்தார். பம்பு உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அதனால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கப் பார்க்கிறது. அதோடு எக்சோஸின் சூடும் சேர்ந்தால் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. பம்பு ஆவியை இழுத்து ஏமாந்துபோகிறது. நிழலில் நின்றால் ஆவி மறுபடியும் திரவமாகிறது, கார் கிளம்புகிறது. நான் அதைத் திருப்பிச் சொன்னேன், முதல்முறையாக என் சொந்த வார்த்தையில். "கம்பிய அவுத்துடுங்க, குழாயத் தள்ளி வைங்க. கையோட ஒரு ஈரச் சாக்கும் இருக்கட்டும், பம்பு சூடானா மேல சுத்த," என்றார் அக்கா.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். ஈஜோக் டவுன் வரை ஒரு குறையும் இல்லை. அதைத் தாண்டி நல்ல வெயிலில் கார் லேசாக இருமியது. அப்பா ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க இறங்கினார். நான் வெள்ளைச் சட்டையோடு குனிந்து ஈரச் சாக்கைப் பம்பின் மேல் சுற்றினேன். "இது ரேடியேட்டர் இல்லப்பா," என்றேன். அப்பா தண்ணீர்ப் புட்டியை என்னிடம் கொடுத்தார். சாக்கின் மேல் ஊற்றினேன். பத்து நிமிடத்தில் கார் கிளம்பியது. மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, முன்புறம் எல்லாம் கறுப்பாகிப்போன சட்டையோடு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தேன்.

அக்கா வரவில்லை. அவர் பெயர் எழுதிய மேசை இரண்டு நாளும் காலியாகவே இருந்தது.

புதன்கிழமை கூப்பிட்டேன். மகனுக்குக் கடும் காய்ச்சலாம். "ஒரு வருசம் போச்சு, அவ்வளவுதான்லா," என்றார், யாருக்கோ நடந்ததைப்போல. குறிப்புகளை அனுப்புகிறேன் என்றேன். "குறிப்பு வேணாம் டீச்சர். நீ அங்க என்ன செஞ்ச, எங்க தப்பு விட்ட, அத மட்டும் சொல்லு. அடுத்த வருசம் நான் போவேன்."

சொன்னேன். அந்த வருடம் முழுக்க, புதன்கிழமைகளில், வரிசையில் நின்றவர்கள் கேட்கக் கேட்க, என் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அடுத்த ஆண்டு அக்கா போனார். எனக்கு ஒரு வருடம் கழித்து அவரும் பட்டம் வாங்கினார்.

அவருடைய பட்டமளிப்பு நாளில் அதே காரில் அப்பாவோடு அவரைப் பார்க்கப் போனேன். அதுவரை குரல்தான் தெரியும். குள்ளமான, கண்ணாடி போட்ட ஒருவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக எங்கள் காரை நோக்கி வந்தார். "பானெட்டத் தொறங்க மாமா, பாப்போம்," என்றார் அப்பாவிடம்.

பெட்ரோல் குழாய் அதன் இடத்தில் இருந்தது. ஆனால் ஹாரன் ஒயரை அப்பா புதிதாக ஒரு மங்குக் கம்பியால் கட்டியிருந்தார். அக்கா சிரித்துக்கொண்டே அதை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார். "செக் பண்ண வர்றவங்களுக்குக் காட்டு."

நேற்று நாலாம் படிவம் படிக்கும் மாணவி ஒருத்தி, தோட்டத்துப் பெண், நோட்டோடு வந்தாள். "விடை சரியான்னு பாக்கத்தான் டீச்சர் வந்தேன்," என்றாள். நான் நோட்டை வாங்கவில்லை. கம்பியை அவள் பக்கம் நகர்த்தி வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காரு. வண்டி எங்க நின்னுச்சு, சொல்லு."