சுவரைக் காணும்

மலாயாவில், கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து புந்தோங்குக்குக் குடிவந்தபோது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். வீட்டுக்காரருக்கு ஈப்போவில் ரோட்டு வேலை. "டவுன் வீடு புள்ள, தோட்டத்து லயம் மாதிரி இருக்காது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். வந்து பார்த்தால் இதுவும் லயம்தான். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து அறை. அறைகளுக்கு நடுவிலிருந்த பலகைச் சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் கூரைவரை வெறும் திறப்பு. காற்றோட்டத்துக்காம்!

காற்று வந்ததோ இல்லையோ, பேச்சு தாராளமாக வந்தது. புருஷனிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசினால், மறுநாள் குழாயடியில் எவளாவது அதையே சொல்லிக் காட்டுவாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஒன்றரை வருஷம் நானும் அவரும் சண்டையைக்கூடக் கையாலும் கண்ணாலும்தான் போட்டோம்.

சாக்கடைக்கு அந்தப் பக்கம், ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார் வீடுகள். எங்கள் லயத்தைக் கட்டிய அதே ஆட்கள்தான் அவற்றையும் கட்டினார்கள். அங்கே மட்டும் சுவர் கூரையைத் தொட்டது. அவர்களுக்குக் காற்று வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. கூரைவரை பலகை அடித்துத் தரும்படி எங்கள் ஆண்கள் மூன்று முறை போய்க் கேட்டார்கள். பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். "பாப்பம்" என்று சொல்லி மூன்று முறையும் அனுப்பிவிட்டார்.

ஒருநாள் காலையில் ரோட்டு வேலைக்குப் பெரிய அதிகாரியான வெள்ளைக்காரத் தொரை லயத்தைப் பார்வையிட வந்தார். முன்பு தோட்டத்தில் இருந்தவர், தமிழ் பேசுவார். அவரவர் அறையில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு. நான் ஒன்பதாவது அறையில் நின்றேன். முதல் அறையில் தொரை சுவரைத் தட்டிப் பார்க்கும்போது, பெரிய கிராணி பக்கத்தில் நின்ற, ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம் முணுமுணுத்தார்:

"இவையளுக்கு இந்தச் சுவர் காணும்."

அட, மனுஷன் நம் பக்கம் பேசுகிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். உத்தரவெல்லாம் மறந்துபோனது.

"நல்லாச் சொன்னீங்க கிராணியாரே! நாங்களும் அதத்தான் சொல்றோம், செவுத்தத்தான் காணும்!"

லயமே சிரித்தது. யாழ்ப்பாணத் தமிழில் 'காணும்' என்றால் போதும் என்று அர்த்தமாம். எனக்கென்ன தெரியும்? தொலைந்துபோனதைத்தான் நாங்கள் காணும் என்போம்.

தொரை அறைகளை எண்ணிக்கொண்டே என் வாசலுக்கு வந்தார்.

"அங்க பேசினது இங்க கேக்குதா?"

"நீங்க மூச்சு விடுறதும் கேக்கும்லா, தொர."

அவர் திறப்பை அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பிக் கிராணியைப் பார்த்தார். கிராணியின் முகத்தில் ஈயாடவில்லை.

பதினைந்தாம் நாள் பலகை வந்து இறங்கியது. பத்து அறைக்கும் கூரைவரை அடித்தார்கள். வேலை முடிந்த சாயங்காலம் கிராணியே வந்து என் வாசலில் நின்றார். கோபமாக இருப்பாரோ என்று பயந்தேன். அவர் உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

"இப்ப காணுமோ, பிள்ளை?"

"காணும்யா, நல்லாவே காணும்!" என்று அவர் தமிழிலேயே சொன்னேன்.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சண்டையை வீட்டுக்காரரிடம் தொண்டை கிழியப் போட்டேன். அவரும் விடவில்லை, சரிக்குச் சரி கத்தினார். பாதியிலேயே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் குழாயடியில் எவளுக்கும் சொல்லிக் காட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.