மேடையில் தூங்கிய பூமாதேவி

எங்கள் ராஜபாளையத்தில் பங்குனி என்றால் வேர்வைதான். அப்படியிருந்தும் எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம், பள்ளி ஆண்டுவிழாவுக்கு 'வசந்தம்' என்று தலைப்பு வைத்துவிட்டார்கள். எந்தெந்த மக்கள் வசந்தத்தை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று நாங்கள் ஆடிக் காட்ட வேண்டுமாம். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு யுகாதி, சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு ஈஸ்டர், ஆறாம் வகுப்புக்கு ஹோலி. நாலாம் வகுப்பான நாங்கள் ஜப்பான். பீட்ரூட் சாற்றில் தோய்த்த பஞ்சை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, செர்ரி மரமாகக் கையை விரித்து நிற்பதுதான் எங்கள் ஆட்டம்.

கடைசி ஆட்டம் நம்மூர்க் கோலாட்டம். அதில் பத்தாம் வகுப்பு படித்த என் அக்காதான் பூமாதேவி. பச்சைச் சேலை போர்த்தி மேடை நடுவில் படுத்திருப்பாள். பிள்ளைகள் சுற்றிவந்து கோலடித்துப் பூத்தூவ, வசந்தம் வந்ததென்று எழுந்து ஆடவேண்டும். பக்கத்து ஊர் மடவார் வளாகத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன டான்ஸ் டீச்சர், "ஒன்ன மாதிரி அசையாமப் படுக்க யாராலயும் ஏலாதுட்டி" என்று அவளைப் புகழ்வார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் மாலை ஷிப்ட் பார்த்தாள். தை மாதத்திலிருந்து அவளுக்கு நெஞ்சுச்சளி, ஓயாத இருமல். அந்த வேலை போய்விடக் கூடாதென்று, பள்ளி விட்டதும் அக்கா அம்மாவுக்குப் பதிலாகப் போனாள். அவள் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். அப்பா லாரியோடு போனால் வர வாரக்கணக்காகும்.

விழாவன்று கோலாட்டத்தின் முதல் பாட்டு முடிந்தது. பூமாதேவி எழவில்லை. டீச்சர் மறுபடி பாடினார். பிள்ளைகள் மறுபடி சுற்றினார்கள். யாரோ விசிலடித்தார்கள். கோலாட்டத்துக்கும் மரமாக மேடையோரம் நின்ற நான், விரித்த கையை இறக்காமலே, "யக்கா, எந்திரி" என்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளைகள் கோலடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சத்தம் நின்றதும் அக்கா விலுக்கென்று எழுந்தாள்.

"எந்தத் தறி நின்னுபோச்சுக்கா? நூலு அந்துருச்சா?"

மைக் பக்கத்திலேயே இருந்தது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. அக்காவின் விரல்கள் நூலைத் தேடிக் காற்றைத் துழாவின. பெண்கள் பக்கம் மட்டும் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. பாதிப்பேர் தறியிலும் மில்லிலும் வேலை பார்க்கிறவர்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து, "என்னத்துக்கு இப்பிடிச் சிரிக்கிய? புள்ள அலுத்துப்போயி கெடக்கு" என்று ஆண்கள் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

அக்காவுக்கு அப்போதுதான் கூட்டம் கண்ணில் பட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோலை எடுத்தாள். நன்றாகவே ஆடினாள்.

வீட்டுக்கு நடக்கையில், எங்கள் செர்ரி மரத்தை யாருமே பாராட்டவில்லை என்று நான் அழுதுகொண்டு வந்தேன். அம்மா என்னைக் கவனிக்கவில்லை. அக்காவின் முதுகில் வைத்த கையை எடுக்காமலே நடந்தாள்.

"நாளைக்கு நீ தறிக்குப் போவாண்டாம்."

"ஒனக்கு ஏலாதும்மா."

"எனக்குச் சொகமாயிட்டுட்டி."

மறுநாள் சாயங்காலம், யூனிபாரத்தோடு படுத்துத் தூங்கிவிட்ட அக்காவை எழுப்பாமல் அம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை ஒரு இருமல்கூட வரவில்லை.

அம்மாவுக்கு உடம்பு நன்றாகிவிட்டதென்று தெருவில் ஒரு வீடு விடாமல் ஓடி ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன்.