வெர்டெல் அம்மாவின் வெள்ளைத் துணி

டெட்ராய்ட்டில் எங்கள் தேவாலயச் சபையில் பரிசுத்த ஆவியில் நிறைந்து விழுகிறவர்களைத் தாங்கிப் பிடிப்பவர் வெர்டெல் அம்மா. வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். ஞாயிறானால் வெள்ளைச் சீருடை, கையில் மடித்த வெள்ளைத் துணி. பாட்டு உச்சத்துக்குப் போய் ஒருத்தி சாய்ந்தால் பின்னால் அவர் இருப்பார். மெல்லக் கிடத்தி, முழங்காலை மூடி, வேடிக்கை பார்ப்பவர்களுக்கு முன்னால் துணியை விரித்துப் பிடிப்பார். நானும் விழுந்திருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், தலை தரையில் பட்டதே இல்லை.

என் தோழி ரெனீட்டா தன் உடம்பையே வைத்து நிகழ்த்திக் காட்டும் கலைஞி. அவள் அம்மா ஒரு கடை வரிசையில் மயங்கி விழுந்தபோது சுற்றி நின்றவர்கள் கைபேசியில் படம் எடுத்தார்களே ஒழிய, ஒரு பாவியும் தாங்கவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தார். தானும் அதே போல் விழ வேண்டும், இந்தமுறை ஒருவர் தாங்க வேண்டும், அதை வீடியோவாக்க வேண்டும் என்றாள். கேமரா என்னுடையது. தாங்க வெர்டெல் அம்மா வந்தார்.

ஆனால் அவளால் விழ முடியவில்லை. சாயும்போதெல்லாம் கால் பின்னால் போய் ஊன்றிக்கொண்டது.

"ஏன் கண்ணு, என் உடம்பைப் பாத்துமா சந்தேகம்? நான் பஸ்ஸையே தாங்குவேன்."

"உங்கள நம்புறேன்மா. இந்தக் காலுதான் நம்ப மாட்டேங்குது."

"அப்ப அதுகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் முதுகில் கைவைத்து ஏதோ முணுமுணுத்துப் பாடினார். வெகுநேரம் பாடினார். ரெனீட்டா "அம்மா!" என்று கத்திக்கொண்டு அப்படியே விழுந்தாள். வெர்டெல் அம்மா மடியில் ஏந்தி, வெள்ளைத் துணியின் ஒரு முனையால் அவளை மூடினார். சவ அடக்கத்தில்கூட அழாதவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் கேமராவோடு கிட்டே போனேன்.

"அடியே லொரேன், எங்க வர்ற? புள்ள அழுவுது."

"அம்மா, இதத்தான் எடுக்கச் சொன்னா!"

"சொன்னா சொல்லட்டும்." துணியின் மறுமுனையைத் தூக்கிக் கேமராமேல் போட்டுவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மொத்தக் காட்சியும் போச்சே!

ரெனீட்டா துணி மூடிய அந்த வீடியோவையே அப்படியே கண்காட்சிக் கூடத்தில் போட்டுக் காட்டினாள். திரை முழுக்க வெள்ளைத் துணி. உள்ளே அவள் அழுகை. "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று வெர்டெல் அம்மாவின் குரல்.

"என் மூஞ்சியே இல்லியேடி! இதுக்கா முடியெல்லாம் அலங்காரம் பண்ணிட்டு வந்தேன்?" என்று முன்வரிசையிலிருந்து அவர் சத்தம் போட, கூடமே சிரித்தது.

ரெனீட்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா விழுந்தத எத்தனையோ பேர் பாத்தாங்க. நான் விழுந்தத ஒருத்தரையும் நீங்க பாக்க விடல. நன்றிம்மா."